கடைகண்ணிக்குப் போக ஒரு சைக்கிள்: சேகரிப்புக்காக நாமே கட்டிக்கொள்வது எப்படி

பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் பலர் வீட்டிலும் இதைப் பார்க்கிறேன். ராலே, ஹம்பர், எழுபதுகளின் ஹெர்குலிஸ் என்று வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும், ஆனால் அரிசி தீர்ந்துவிட்டது என்றால் ஸ்கூட்டர் சாவியைத்தான் தேடுவார்கள். ஐம்பது வருஷத்துப் பெயின்ட் மார்க்கெட் வாசலில் நாலு பைக்குகளுக்கு நடுவே உரசிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே மனசு ஒப்பாது. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்காகக் கடைக்குச் சைக்கிளில் போவதையே விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கென்றே ஒன்றை, நம் சுமைக்கும் நம் தெருவுக்கும் அளவெடுத்துக் கட்டி அதே வரிசையில் சேர்த்துவிடலாம். என் கட்சி இதுதான்: சைக்கிளிலிருந்து தொடங்காதீர்கள், சுமையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு காகிதம் எடுத்து, வீட்டுக்கு என்னென்ன சாமான் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பம், 20 லிட்டர் தண்ணீர் கேன், காய்கறிப் பை இரண்டு, மில்லுக்குப் போகும் மிளகாய் டின், மாவு, முட்டை. எடையை மட்டும் எழுதினால் போதாது, அது எப்படி உட்காரும் என்பதையும் எழுதுங்கள். அரிசிச் சிப்பம் கேரியர் மேல் படிந்து உட்கார்ந்துவிடும், கயிறு ஒரு சுற்று போதும். தண்ணீர் கேன் அதைவிட எடை குறைவுதான், ஆனால் உருண்டை, வழுக்கும், உள்ளே தண்ணீர் குலுங்கும், படுக்கவைத்தால் மூடி கசியும், அதனால் நிமிர்த்தி நிற்கவைக்க ஒரு வளையமோ ஆழமான கூடையோ வேண்டும். முட்டைக்கு எடையே கணக்கில்லை, அதிர்வுதான் கணக்கு. இதில் எது வாரத்துக்கு மூன்று நாலு முறை வருகிறதோ அதற்காகத்தான் சைக்கிள் கட்ட வேண்டும். மாசம் ஒரு முறை வரும் பெரிய சுமைக்காகக் கட்டினால் மற்ற நாளெல்லாம் வெறும் இரும்பைத்தான் மிதித்துக்கொண்டிருப்போம். கேஸ் சிலிண்டரைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் முப்பது கிலோவை நெருங்கும், அது எப்படியும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

கூடவே போகும் வழியையும் எழுதுங்கள். ரயில்வே மேம்பாலம் இருக்கிறதா, வேகத்தடைகள் எத்தனை, தெருமுனையில் மணல் கிடக்குமா, வீட்டுக்குள் ஏற்ற எத்தனை படி. படி ஏற்றித் தூக்க வேண்டிய வீடு என்றால் இந்தக் குறிப்பில் நான் சொல்லும் தடித்த சாமான்களில் பாதியை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஃபிரேம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்: சேகரிப்பில் இருக்கும் அரிய வண்டி எதையும் இதற்காக வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. அசன்சோலில் செய்த சென்-ராலேயோ, அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஆரம்ப கால ஹெர்குலிஸோ உங்களிடம் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அதன் கேரியரைக்கூடக் கழற்றி இதில் மாட்டாதீர்கள், ஒரு தடவை பிரிந்த சாமான் திரும்பச் சேர்வது கஷ்டம். நமக்கு வேண்டியது ஊரெங்கும் கிடைக்கும் சாதாரணக் கறுப்பு ரோட்ஸ்டர் ஃபிரேம். சைக்கிள் கடைப் பின்கட்டிலும் காயலான் கடையிலும் தேடினால் 22 அங்குல ஃபிரேம் அகப்படும், பால்காரர்கள் ஓட்டிய டபுள் பார் கிடைத்தால் இன்னும் நல்லது. புதிதாகவே ஒரு ரோட்ஸ்டர் வாங்கி, வேண்டாததைக் கழற்றிவிட்டுத் தொடங்குவதும் நல்ல வழிதான். சேகரிக்கும் மனசுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான்.

பழைய ஃபிரேமை வாங்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஹேண்டில் பொருந்தும் முன்குழாய்க்குச் சற்றுக் கீழே, கீழ்ப்பாரின் அடிப்பக்கத்தில் விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கி மேடு மாதிரி தட்டுப்பட்டால் அந்த வண்டி முன்னால் எதிலோ மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு நூலை எடுத்துப் பின் அச்சு மாட்டும் வாயில் ஒரு பக்கம் கட்டி, முன்குழாயைச் சுற்றி வந்து மறுபக்க வாயில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் சுமை ஏற்றியதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஃபிரேம் விஷயத்தில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. பின் கேரியரில் உயரமாகச் சுமை நின்றால் காலைப் பின்னால் வீசிப் போட்டு ஏற முடியாது. கேனையோ கூடையையோ உதைத்துக்கொண்டு தடுமாறுவோம். அதனால் சுமை முக்கியமாகப் பின்னால்தான் என்று முடிவெடுத்தால் பார் இல்லாத ஃபிரேமை, அதாவது லேடீஸ் சைக்கிள் என்று கடையில் சொல்வதை, எடுங்கள். புடவை, வேட்டி எதில் ஏறினாலும் சுலபம், வீட்டில் எல்லாரும் ஓட்டலாம். பார் வைத்த ஃபிரேம் அளவுக்கு அது விறைப்பாக இருக்காது, பெரிய சுமையில் லேசாக முறுக்கும், ஆனால் 20, 25 கிலோவுக்குத் தாங்கும். சேகரிப்பில் ஏற்கெனவே ஏழெட்டு பார் வண்டிகள் நிற்கும் வீட்டில் இது ஒன்று வேறு மாதிரி இருப்பதும் நல்லதுதான்.

சரி, சுமை முன்னாலா பின்னாலா? இரண்டுக்கும் பழைய மரபு இருக்கிறது. பாரிஸில் செய்தித்தாள் கட்டுகளைக் கொண்டுபோனவர்கள் முன்சக்கரத்துக்கு மேல் அகலமான கேரியர் வைத்துத்தான் ஓட்டினார்கள். இங்கிலாந்தில் கறிக்கடை, மளிகைக்கடைப் பையன்களின் வண்டியில் முன்சக்கரம் சின்னதாக இருக்கும், அதன்மேல் பெரிய கூடை, கூடையைத் தாங்கும் கம்பி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கில் இல்லாமல் ஃபிரேமிலேயே பிடித்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பும், கூடை நேராகவே நிற்கும். முதல் தடவை ஓட்டும்போது விசித்திரமாக இருக்கும், பழகிவிட்டால் நிறுத்தி வைத்துச் சாமான் ஏற்ற இதைவிட வசதி இல்லை. நம் ஊர் வழக்கம் பின் கேரியர், அதற்கும் காரணம் உண்டு: ரோட்ஸ்டரின் பின்பாகம் நீளம், குதிகால் சுமையில் இடிக்காது. ஆனால் சுமையின் நடு பின் அச்சுக்குப் பின்னால் போகக் கூடாது. போனால் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து ஹேண்டில் லேசாகிவிடும், மேம்பாலம் ஏறும்போது முன்பக்கம் அலையும். கேரியர் செய்யச் சொல்லும்போதே அதன் நடுவை அச்சுக்கு நேர் மேலேயோ இரண்டு விரற்கடை முன்னாலேயோ வைக்கச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் கேரியர்களில் பல இதைவிடப் பின்தள்ளியே இருக்கும்.

முன்னால் சுமை வைப்பதாக இருந்தால் ஒரு அளவெடுப்பு அவசியம். நீளமான நேர்க்குச்சி ஒன்றை முன்குழாயின் பக்கவாட்டில், குழாயோடு ஒட்டினாற்போல் பிடித்துத் தரைவரை நீட்டுங்கள். குச்சி தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. முன் அச்சிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு அது தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால் ஹேண்டிலின் குணம் தெரிந்துவிடும். 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் வந்தால் முன்சுமையோடு வண்டி சாதுவாக ஓடும். 60-ஐத் தாண்டினால், சுமை ஏற்றி மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கமாக மடிந்து விழப் பார்க்கும். அப்படி இருந்தால் ஃபோர்க்கை வளைத்துச் சரிபண்ணலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வேறு ஃபோர்க் தேடுங்கள், இல்லையென்றால் சுமையைப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள்.

இனி கேரியர். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுதான். நீங்கள் வைக்கப்போகும் கூடை, டின், கேன் எல்லாவற்றையும் பட்டறைக்கே எடுத்துப் போங்கள். அட்டையில் கேரியர் தட்டின் வடிவத்தை வெட்டிச் சைக்கிள் மேல் வைத்து, அதன்மேல் கூடையை வைத்து, சீட்டில் உட்கார்ந்து பெடலைச் சுற்றிப் பாருங்கள். குதிகால் இடிக்கிறதா, பிரேக் பிடிக்கும் கை கூடை விளிம்பில் முட்டுகிறதா, லைட்டைக் கூடை மறைக்கிறதா எல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். தட்டுக்கு நாலு ஓரமும் ஒரு அங்குல உயரத்துக்குக் கம்பி விளிம்பு வைத்தால் சாமான் நழுவாது, கயிற்றுக் கொக்கி மாட்டவும் இடம் கிடைக்கும்.

பற்றவைப்பதில் கவனம். ஃபிரேமின் குழாய் மெல்லியது, ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், விழாவிட்டாலும் பக்கத்தில் இரும்பு நொய்ந்து பிறகு விரிசல் விடும். கேஸ் வைத்துப் பித்தளைப் பற்று போடத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை நன்றாக நடக்கிறதா என்று உங்களுக்கே புரியும். பற்று பிடிப்பதற்காகத் தூவும் வெள்ளைப் பொடி, அதாவது வெண்காரம், முதலில் பொங்கி, அடங்கி, கண்ணாடி மாதிரி உருகி இரும்பின் மேல் பரவும். அந்த நேரம் இரும்பு மங்கிய செம்பு நிறத்தில் இருக்கும். பித்தளைக் கம்பியின் நுனியைத் தொட்டதும் அது சொட்டாக நிற்காமல் இணைப்புக்குள் சட்டென்று ஓடிப் போனால் பற்று பிடித்துவிட்டது என்று அர்த்தம். உருண்டையாக மேலேயே நின்றால் சூடு போதவில்லை, அல்லது கீழே துரு இருக்கிறது. பற்று வைக்கும் இடத்தில் பெயின்டும் முலாமும் முழுக்கச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். கேரியருக்கு கால்வனைஸ் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதைச் சூடாக்கினால் வரும் துத்தநாகப் புகை பட்டறைக்காரருக்குக் காய்ச்சலே வரவைக்கும். சாதாரண இரும்புக் குழாய் போதும். முடிந்தவரை கேரியரை ஃபிரேமோடு பற்றவைக்காமல் போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்யுங்கள். பற்றவைப்பது அதன் மூலை இணைப்புகளுக்கும், போல்ட் மாட்டும் சின்ன காதுகளுக்கும் மட்டும் இருக்கட்டும்.

சக்கரத்தில் அளவுக் குழப்பம் வரும், அதனால் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நம் ரோட்ஸ்டர் சக்கரம் 28 அங்குலத்துக்கு 1½, டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ. இப்போது வரும் வெளிநாட்டு மாடல் வண்டிகளிலும் 28 என்று எழுதியிருப்பார்கள், அது 622. இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இந்த மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். வீட்டில் மற்ற வண்டிகள் 635 என்றால் இதற்கும் 635 வையுங்கள், டியூப், டயர், போக்ஸ் கம்பி எல்லாம் பொதுவாகிவிடும். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன் ரிம்மில் 32 துளை, பின்னால் 40, பெரும்பாலான ரோட்ஸ்டர்களில் இன்றும் அதுதான். அந்த 40 கம்பிச் சக்கரம் சுமைக்கு அருமையானது, மாற்றவே வேண்டாம். வேண்டுமானால் பின்னால் மட்டும் 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.3 மி.மீ. போடலாம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் துளையில் நுழைகிறதா என்று முதலில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெண்டு எடுத்து, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி, முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு இரண்டாகக் கைக்குள் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கிர்ரென்று சத்தம் வரும், முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் அவிழ்ந்து சரியாக உட்காரும். மறுபடி பெண்டு பாருங்கள். சத்தம் நிற்கும்வரை இதைச் செய்தால் முதல் அரிசி மூட்டையில் சக்கரம் கோணாது.

மிதிக்கும் கனம் அடுத்தது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். வெறும் வண்டிக்குச் சரி, சுமையோடு மேம்பாலத்தில் முழங்கால் கெஞ்சும். பின் ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் அதே சுற்றுக்கு நாலரை மீட்டர்தான், வேகம் கொஞ்சம் குறையும், கடைத்தெருவுக்கு அந்த வேகம் தாராளம். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம், செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். உங்கள் உதிரிப் பெட்டியில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் ஏ.டபிள்யூ. மூணு கியர் ஹப் ஒன்று சும்மா கிடந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. 1936-இலிருந்து வந்த வடிவம், நடு கியர் நேரடி, கீழ் கியர் அதில் கால்பங்கு குறைவு, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 2000-இல் தைவான் நிறுவனத்திடம் போன பிறகும் பெயர் தொடர்கிறது, சாமானும் வருகிறது. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஒரு இடம் உண்டு, எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அங்கே நழுவினால் பார் மேல் விழுவோம்.

பெடல் பொருந்தும் கையான கிராங்கை மாட்டும்போது, அதை அச்சோடு இறுக்கும் ஆப்புகளான கோட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது. சுத்தியலால் அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் தரைவரை ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். அடி தரைக்குப் போகட்டும், உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்குப் போக வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி இரக்கமில்லாமல் யோசியுங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் ராட் பிரேக் அழகு, கேபிள் அறுந்துபோகும் பிரச்சினை இல்லை, ஆனால் ஸ்டீல் ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை சறுக்கும். ஐப்பசி மழையில் 25 கிலோவோடு இறக்கத்தில் வரும்போது அது போதாது. ராட் பிரேக்கையே வைப்பதென்றால் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்தி, ரிம்மின் ஈரத்தைக் கட்டை துடைக்க விட்டு, பிறகு இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் வர வேண்டும். என்னைக் கேட்டால் முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் வைத்த ஹப் போட்டுவிடுங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சரிலேயே 70, 90 மி.மீ. டிரம்கள் உண்டு, சுமை வண்டிக்கு 90. டிரம்மிலிருந்து நீளும் கை ஃபோர்க்கின் காலில் கிளிப் போட்டு இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், அது கழன்றால் பிரேக் பிடித்த கணமே அச்சு முழுதும் சுழலும். அந்த நட்டை மட்டும் வாரா வாரம் தொட்டுப் பாருங்கள்.

ஸ்டாண்டு: பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் நம் பழைய கேரியர் ஸ்டாண்டுதான், பக்கவாட்டில் சாய்க்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்டு சுமையோடு நிற்கவே நிற்காது. முன் கூடை வைத்தால் ஃபோர்க்குக்கும் கீழ்ப்பாருக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் மாட்டுங்கள், நிறுத்தும்போது ஹேண்டில் மடிந்து கூடையோடு கவிழாது. லைட்டுக்கு 6 வோல்ட் 3 வாட் டைனமோ போதும், நின்றால் அணைந்துவிடும் என்பதால் உள்ளேயே கொஞ்சம் மின்சாரம் சேமிக்கும் எல்.இ.டி. விளக்காகப் பாருங்கள். செயின் கவர் முழுக்கவர். மட்கார்டு நீளமானது. சீட் ஸ்பிரிங் வைத்தது, தோல் என்றால் மழைக்கு உறை. பெல் உங்கள் இஷ்டம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றதும் பெயின்ட் அடிக்கத் துடிக்கும், பொறுங்கள். வெறும் ரெட் ஆக்சைடு பூசி ஒரு மாசம் ஓட்டுங்கள். முதலில் சுமையில்லாமல், பிறகு அஞ்சு கிலோ, பத்து, இருபது. கையை விடாமல் ஆனால் பிடியைத் தளர்த்தி, இறக்கத்தில் ஹேண்டில் நடுங்குகிறதா பாருங்கள். நடுங்கினால் முதலில் முன்குழாய் பால்ரஸ் ஆட்டம், அப்புறம் கேரியர் போல்ட், அப்புறம் கம்பி இறுக்கம், இந்த வரிசையில் தேடுங்கள். அந்த ஒரு மாசத்தில் கூடையை அரை அங்குலம் பின்னால் தள்ளத் தோன்றும், சீட்டை ஏற்றத் தோன்றும், கொக்கிக்கு இன்னொரு காது வேண்டுமென்று தெரியவரும். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பிரித்துப் பெயின்டுக்கு அனுப்ப வேண்டும். நிறம் எதுவானாலும் சரி, கடையில் சின்ன டப்பாவில் எப்போதும் கிடைக்கும் எனாமல் நிறமாக எடுத்தால் கீறல் விழுந்த அன்றே ஒரு தொடு தொட்டுவிடலாம். பவுடர் கோட்டிங் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உரிந்த இடத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது.

மற்ற வண்டிகளுக்கு வைத்திருக்கும் அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஃபிரேம் எண், எங்கே வாங்கினது, ஃபோர்க் எதிலிருந்து, ஹப்பில் அடித்திருக்கும் வருஷ எண், பற்று வைத்த இடங்களின் படம், பல் கணக்கு, கம்பி நீளம். நாமே கட்டிய வண்டிக்கு வேறு எங்கும் கேட்லாக் கிடையாது, பின்னால் இதை ஓட்டப்போகிறவருக்கு இந்தப் பக்கம்தான் கேட்லாக். ஒவ்வொரு முறை சாமான் மாற்றும்போதும் தேதியோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் வண்டியை வரிசையின் கடைசியில் சுவரோரம் சொருகாமல் வாசலுக்கு முதலாவதாக நிறுத்துங்கள், கூடைக்குள் ஒரு மஞ்சப்பையும் இரண்டு முழம் ரப்பர் கயிறும் பூட்டும் எப்போதும் கிடக்கட்டும். வேறு நாலு வண்டியை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்றால் மறுபடி ஸ்கூட்டர் சாவிதான் கைக்கு வரும்.